வீட்டில் இயல்பாகப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு மனிதர்களை வரிசையாக நிற்க வைக்காமல், சிரிக்கச் சொல்லாமல், அவரவர் வேலையில் இருக்கும்போதே படம் எடுப்பது பற்றி நண்பர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பலர் கையிலும் இருப்பது மொபைல்தான் என்பதால் அதை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். கேமரா வைத்திருப்பவர்களுக்கான விஷயமும் நடுநடுவே வரும்.

கல்யாணத்தில் 'கேண்டிட்' என்று எடுக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. கல்யாணப் பேக்கேஜில் 'டிரெடிஷனல்' எடுக்க ஒருவர், 'கேண்டிட்' எடுக்க இன்னொருவர் என்று வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தக் கேண்டிட் படங்களில் பல, "அந்தப் பக்கம் பார்த்துச் சிரிங்க", "மாப்பிள்ளை, பொண்ணு காதுல ஏதாவது சொல்லுங்க" என்று சொல்லி எடுப்பவை. பார்க்க அழகாகவே இருக்கும், தப்பில்லை. நான் சொல்வது வேறு. வீட்டில் எடுக்கும்போது ஒரே ஒரு விதிதான்: படத்துக்காக யாரையும் எதுவும் செய்யச் சொல்லக்கூடாது. "இன்னொரு தடவை அப்படியே தூக்கு" என்பதும் கூடாது. தவறிப்போன காட்சி போகட்டும். நாளைக் காலையிலும் அதே அடுப்பில் பால் பொங்கத்தான் போகிறது.

கேமராவை எடுத்தாலே எல்லோரும் விறைத்துப் போகிறார்கள். என்ன செய்யலாம்?

அவர்கள் மேல் தப்பில்லை. அசையாமல் நிற்பதில்தான் புகைப்படமே தொடங்கியது. 1839-இல் பாரிஸில் அறிவிக்கப்பட்ட, உலோகத் தகட்டில் படம் பதியும் டாகரோடைப் முறையில் ஒரு படம் பதிய ஆரம்பத்தில் நிமிடக்கணக்கில் ஆனது. ஸ்டுடியோக்களில் தலை ஆடாமல் இருக்கப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கி வைத்திருப்பார்கள். 1900-இல் கோடக் ஒரு டாலருக்குப் பிரௌனி கேமராவை விற்கத் தொடங்கியதும், 1925-இல் கைக்கு அடக்கமான லைக்கா வந்ததும்தான் வீட்டிலும் தெருவிலும் சட்டென்று எடுப்பதைப் பரவலாக்கின. நம் ஊரில் இது இன்னும் தாமதம். ஒரு பிலிம் ரோலில் 36 படம். அதைக் காதுகுத்து, கோயில், ஊட்டி என்று எண்ணி எண்ணிச் செலவழித்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. போட்டோ என்றால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அவர்கள் உடம்பிலேயே ஊறியிருக்கிறது.

அதனால் நான் அந்தப் போஸ் படத்தை முதலில் எடுத்துவிடுவேன். பாட்டி "இந்தக் கோலத்துலயா எடுக்கறே, இரு, புடவை மாத்திட்டு வரேன்" என்றால் மாற்றிக்கொண்டு வரட்டும். அவருக்குப் பிடித்த மாதிரி உட்காரவைத்து, ஒழுங்காக எடுத்து, காட்டிவிட வேண்டும். அந்தக் கடன் தீர்ந்ததும் அவர் முருங்கைக்கீரை ஆயப் போய்விடுவார். நாம் அங்கேயே உட்கார்ந்து, பேசிக்கொண்டே, நமக்கும் நாலு காம்பை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆய ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் மடியில் இருக்கும் போனை அவர் மறந்துவிடுவார். கீரை உருவும் விரல், பக்கத்து வீட்டுக் கதை சொல்லும்போது உயரும் புருவம், நடுவில் ஒரு அதட்டல் எல்லாம் அப்போதுதான் வரும்.

மறைந்திருந்து எடுப்பது இதற்கு வழியல்ல. போன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும், அடிக்கடி படம் எடுங்கள். தினமும் எடுக்கிற வீட்டில் யாரும் விறைப்பதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிற வீட்டில் எல்லோரும் விறைப்பார்கள்.

ஷட்டர் சத்தத்தை அணைத்துவிடுங்கள். பிளாஷ் அறவே வேண்டாம். ஒருமுறை அடித்தால் அறையில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதோடு அன்றைக்கு முடிந்தது.

"போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்" என்று தாத்தா மறுக்கிறார். பேசிச் சம்மதிக்க வைக்கலாமா?

ஒருமுறை கேட்கலாம். மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும். அவர் காலத்தில் பல வீடுகளில் ஒருவரின் படம் சுவரில் ஏறியதே அவர் போன பிறகு, மாலையோடுதான். அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளுவது நியாயமில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி, சாய்வு நாற்காலி, கோடு போட்ட கணக்கு நோட்டு இவற்றை எடுக்கலாமா என்று கேளுங்கள். பொருள்களுக்குச் சம்மதிப்பார். நோட்டில் எழுதும் கையை எடுக்கவும் பிறகு சம்மதிக்கலாம். சம்மதிக்காவிட்டாலும் சரிதான்.

வீடு குப்பையாகக் கிடக்கிறது. ஒழுங்குபடுத்திவிட்டு எடுக்கலாமா?

வேண்டாம். கொடியில் தொங்கும் துணி, சோபாவில் மலையாகக் கிடக்கும் மடிக்காத துணி, ஃபிரிட்ஜ் மேல் மருந்து டப்பா, சுவரில் தினசரி காலண்டர், இதெல்லாம் இருக்கட்டும். முப்பது வருஷம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்த்த கையோடு பின்னணியைத்தான் துழாவுவார்கள். "இந்த ஃபேன் நம்ம பழைய வீட்டுல இருந்ததுதானே?" என்று கேட்பார்கள். தினசரி காலண்டர் தெளிவாக விழுந்துவிட்டால் இன்னும் நல்லது, தேதி படத்திலேயே இருக்கும் (தாளைக் கிழிக்க மறக்காத வீடாக இருந்தால்).

இதே காரணத்துக்காகத்தான் மொபைலில் போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம் என்கிறேன். அது பின்னணியை மங்கலாக்கிவிடும். முகம் தனியாக மிதக்கும், வீடு காணாமல் போகும். பழைய ஆல்பங்களில் என்னை ஏங்கவைப்பது மனிதர்களுக்குப் பின்னால் வெறும் ஸ்டுடியோத் திரை மட்டும் இருப்பதுதான். அவர்கள் சமைத்த அடுப்பு எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு படம்கூட இல்லை.

கண்ணை உறுத்தும் ஒரு பொருள், உதாரணமாக முகத்தை ஒட்டிப் பளபளக்கும் பிளாஸ்டிக் கவர், தொந்தரவு செய்தால் அதை நகர்த்தத் தேவையில்லை. நீங்கள் ஓரடி நகர்ந்தால் போதும்.

வீட்டுக்குள் வெளிச்சமே போதவில்லை. படம் மங்கலாக, புள்ளி புள்ளியாக வருகிறது.

இதுதான் எல்லோருக்கும் இருக்கும் பெரிய சிக்கல். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வேலை, பகலில் டியூப்லைட்டை அணைப்பது. வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்கிறேனே என்று தோன்றும். ஆனால் ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப்லைட் வேறு நிறம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் பச்சையாகவும் இருக்கும், எந்த ஆப்பாலும் அதைச் சரிசெய்வது கஷ்டம். தலைக்கு மேலிருந்து விழும் விளக்கு கண்ணுக்குக் கீழே நிழலும் போடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வருவதால் முகத்துக்கு உருவம் கொடுக்கும்.

இரண்டாவது, ஜன்னலை முழுதாகத் திறப்பது. மேல் பாதி, கீழ் பாதி என்று தனித்தனிக் கதவு வைத்த பழைய ஜன்னல்களில், தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள் என்று கீழ்க் கதவுகள் எப்போதும் சாத்தியே இருக்கும். நம் வீடுகளில் பாதி வாழ்க்கை தரையில்தான் நடக்கிறது. காய் நறுக்குவது, வீட்டுப்பாடம் எழுதுவது, பூ கட்டுவது எல்லாம் உட்கார்ந்துதான். கீழ்க் கதவைத் திறந்தால்தான் தரையில் உட்கார்ந்தவர் முகத்தில் வெளிச்சம் விழும்.

மூன்றாவது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது. ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் எல்லாம் தெளிவாக, தட்டையாக வரும். ஜன்னல் உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ வரும்படி நின்றால் முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல் என்று உயிரோடு வரும். ஜன்னலைப் பார்த்து எடுத்தால் ஆள் கருப்பாகிவிடுவார். அப்போது திரையில் அவர் முகத்தைத் தொட்டால் மொபைல் அந்த முகத்துக்கு ஏற்ப அளவை மாற்றிக்கொள்ளும். எதிர்ச் சுவர் வெள்ளையாக இருந்தால் நிழல் பக்கத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும். நம் வீடுகளில் பல அறைகளுக்குப் பளிச்சென்ற பச்சை, ரோஸ், நீலம் அடித்திருப்பார்கள், அந்த நிறம் அப்படியே முகத்தில் ஏறிவிடும். அங்கே ஆள் ஜன்னலுக்கு நெருங்கி வரும் நேரத்துக்காகக் காத்திருப்பது நல்லது. முடியாவிட்டால் கருப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள்.

காலை ஏழரை, எட்டு மணிக்குக் கிழக்கு ஜன்னல் வழியாக ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீளமாக விழும். குழந்தைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். ஒரு வாரம் உங்கள் வீட்டில் எந்த நேரத்தில் எந்த மூலையில் வெளிச்சம் வருகிறது என்று சும்மா கவனித்துப் பாருங்கள். புதுக் கேமரா வாங்குவதைவிட அது அதிகம் உதவும்.

அப்புறம், லென்ஸைத் துடையுங்கள். சமையலறையில் புழங்கும் போனில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்காது. படம் பனி மூடிய மாதிரி வருவதற்கு இதுதான் பல நேரம் காரணம்.

ராத்திரியில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதே?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் சோக் வைத்த பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்புகள் பலவும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம், நொடியில் 1/500, 1/1000 பங்கு என்று போனால் கேமரா அதைக் கோடாகப் பிடித்துவிடும். அளவுகளை நாமே வைக்கும் ப்ரோ மோடு இருந்தால் 1/100 அல்லது 1/50 என்று வையுங்கள், பெரும்பாலும் கோடு மறைந்துவிடும். கேமராவில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் இது மோசமாகத் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள், கொஞ்சம் சத்தம் வந்தாலும் பரவாயில்லை. விளக்குக்குக் கீழே ஃபேன் சுற்றினால் இறக்கையின் நிழலும் சேர்ந்துகொள்ளும், அதற்கு இடம் மாறுவதுதான் வழி.

மொபைல் போதுமா? கேமரா வாங்கவேண்டுமா?

மொபைல் போதும். எப்போதும் கையில் இருக்கிறது, அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. முக்கிய லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். அல்ட்ராவைடில் ஓரத்தில் இருக்கும் முகம் இழுபட்டுப்போகும். முக்கிய லென்ஸும் அகலமானதுதான், பெரும்பாலான போன்களில் 24 முதல் 26 எம்எம்முக்குச் சமம் (எம்எம் எண் குறையக் குறைய அதிக அகலம் படத்துக்குள் வரும்). முகத்துக்கு மிக அருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகத் தெரியும். இரண்டு மூன்று எட்டுத் தள்ளி நின்று 2x வைத்து எடுங்கள்.

கேமராவே வாங்குவது என்றால் ஒரு எச்சரிக்கை. "முதல் லென்ஸ் 50 எம்எம் எஃப் 1.8 வாங்கு, விலை குறைவு" என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல லென்ஸ்தான். ஆனால் சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவில் அது 75 அல்லது 80 எம்எம் மாதிரி வேலை செய்யும். பத்துக்குப் பத்து அறையில் முதுகு சுவரில் இடிக்கும், முகம் மட்டும்தான் சட்டத்துக்குள் வரும். வீட்டுக்குள் எடுக்க அந்தக் கேமராவில் 24 எம்எம் பொருத்தம். கேமராவோடு வந்த 18-55 லென்ஸையே 24-இல் வைத்து முதலில் பழகிப் பாருங்கள்.

குழந்தை ஓடிக்கொண்டே இருக்கிறது. எல்லாம் கலங்கிப் போகிறது.

ஷட்டர் வேகம் 1/250-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்காக, வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்பதன் அளவான ஐஎஸ்ஓ 3200 வரை ஏறினாலும் ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தை வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை, முகம் தெரியாத படத்தைத்தான் சொல்வார்கள். மொபைலில் நைட் மோடு தானாகவே இயங்கிவிடும், அதை அணையுங்கள். அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால் அசையும் குழந்தை புகைபோல ஆகிவிடும். பகலில், ஜன்னலருகே, பர்ஸ்ட்டில் (ஒரே அமுக்கில் தொடர்ந்து பல படம்) எடுத்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

குழந்தையின் கண் உயரம் வரை இறங்குங்கள். தரையில் படுத்தும் எடுக்கலாம். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலையும் தரையும்தான் மிஞ்சும். "இங்கே பாரு, இங்கே பாரு" என்று கூப்பிடவே கூடாது. அது பார்த்துக்கொண்டிருப்பது எறும்பு வரிசையாக இருக்கலாம், அதையும் சேர்த்து எடுங்கள்.

எந்த நொடியில் அமுக்குவது என்று எப்படித் தெரியும்?

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். காலையில் அம்மா மகளுக்கு ரெட்டை ஜடை பின்னுகிறார். ஒரு ஜடை முடிந்துவிட்டது, ரிப்பன் பல்லில், சீப்பு தலையிலேயே செருகியிருக்கிறது. மகள் முன்னால் குனிந்து ஹோம்வொர்க் நோட்டைப் புரட்டுகிறாள், அம்மா தலையைப் பின்னால் இழுக்கிறார். இதைப் பார்த்ததும் எல்லோரும் எடுக்கிற படம், பின்னாலிருந்து ஜடையும் கையும். எடுங்கள். அதோடு நிற்காமல் முன்பக்கம் வந்து, மகளின் முக உயரத்துக்கு உட்கார்ந்து, இருவரும் சட்டத்துக்குள் வரும்படி வைத்துக்கொண்டு காத்திருங்கள். முடி சுண்டும்போது அவள் ஒரு கண்ணைச் சுருக்குவாள். ரிப்பன் பல்லில் இருப்பதால் அம்மா வாயைத் திறக்காமலே திட்டுவார். அந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்போது அமுக்குங்கள். வீட்டு வேலைகள் எல்லாம் திரும்பத் திரும்ப வருபவை. கவனித்துப் பழகினால் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சிரிப்பை எடுப்பதைவிடச் சிரித்து முடித்த முகத்தை எடுப்பது எனக்குப் பிடிக்கும். எல்லோரும் சிரித்து ஓய்ந்து மூச்சு வாங்கும்போது போனைக் கீழே வைத்துவிடாதீர்கள்.

பண்டிகை நாளில் எதை எடுப்பது?

முந்தின நாளை. முறுக்குப் பிழிவது, மாவு சலிப்பது, பரண் மேலிருந்து பித்தளைப் பாத்திரம் இறங்குவது, புளி போட்டுத் தேய்ப்பது. பண்டிகைக் காலையில் எல்லோரும் புதுத்துணியில் போட்டோவுக்குத் தயாராக இருப்பார்கள், அதை எடுக்க ஆளும் நிறைய இருக்கும்.

எடுக்கிறவர் நான்தான். எந்தப் படத்திலும் நான் இல்லை.

அம்மாக்கள் கேட்கும் கேள்வி இது. அவர்கள் கேட்காத வீடுகளிலும் நிலைமை இதுதான். போனைக் குழந்தையிடம் கொடுங்கள். எப்படி எடுப்பது என்று சொல்லித்தர வேண்டாம், லென்ஸை விரலால் மறைக்காதே என்று மட்டும் சொன்னால் போதும். எட்டு வயதுக் குழந்தையின் உயரத்திலிருந்து அம்மா எப்படித் தெரிகிறார் என்பது பெரியவர் யாராலும் எடுக்க முடியாத படம்.

பிரான்ஸில் ஷாக் ஆன்ரி லார்டீக் என்பவர் 1894-இல் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே அப்பா வாங்கிக் கொடுத்த கேமராவில் வீட்டாரையே எடுத்துத் தள்ளினார். அண்ணன் செய்த சக்கர வண்டிகள், படியிலிருந்து பாயும் உறவுக்காரப் பெண், தண்ணீரில் குதிப்பவர்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1963-இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 69. இன்றும் அந்தப் படங்களில் ஒரு சிறுவனின் குதூகலம் தெரிகிறது. போனைக் குழந்தையிடம் கொடுக்கத் தயங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் அவர்தான்.

அழுகை, சண்டை, நோய், இதையெல்லாம் எடுக்கலாமா?

குழந்தை அழுதால் முதலில் தூக்குங்கள். படம் அப்புறம். பொம்மைக்காக அழும் சின்ன அழுகையை எடுப்பதில் தவறில்லை. அடிபட்டோ அவமானப்பட்டோ அழும்போது எடுக்கக்கூடாது. நாளை அந்தப் படத்தை அவளே பார்த்தால் சிரிப்பாளா, முகம் சுருங்குமா என்று யோசித்தால் பதில் கிடைக்கும்.

படுக்கையில் இருக்கும் பெரியவர்களை எடுப்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. அவருக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவரிடம் கேட்டே எடுக்க வேண்டும். தெளிவாக இல்லையென்றால், தெளிவாக இருந்த காலத்தில் அவர் எப்படித் தெரிய விரும்பினாரோ அப்படி மட்டும் எடுங்கள்: வேட்டி ஒழுங்காக, தலை வாரி. கஞ்சி ஊட்டும் கையை எடுக்கலாம். உடை விலகிய உடம்பை எடுக்கக்கூடாது.

யாராவது "அதை அழிச்சுடு" என்றால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள், 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியிலிருந்தும் சேர்த்து. ஆறு வயதுக் குழந்தை சொன்னாலும் இதே மரியாதைதான்.

குடும்ப குரூப்பில், ஸ்டேட்டஸில் போடலாமா?

எடுப்பதற்குக் கிடைத்த சம்மதம் பகிர்வதற்கான சம்மதம் ஆகாது. குளிக்கும் குழந்தை, உடையில்லாத குழந்தை எந்த குரூப்புக்கும் போகக்கூடாது, சித்தப்பா, அத்தை மட்டும் இருக்கிற குரூப் என்றாலும்கூட. ஃபார்வர்ட் செய்வது ஒரு விரல் தூரம்தான். பள்ளிச் சீருடையின் பெயர்ப் பட்டை, வீட்டு எண் தெரியும் கதவு, வண்டி எண் இவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். படக் கோப்புக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். மின்னஞ்சலிலோ லிங்க்காகவோ அனுப்பும்போது அது கூடவே போகலாம். கேமரா ஆப்பிலேயே இருப்பிடத்தை அணைத்துவிட முடியும்.

ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டது. எதை வைத்துக்கொள்வது?

எடுத்த அன்றைக்கே தேர்ந்தெடுக்காதீர்கள், எல்லாமே நன்றாகத் தெரியும், அல்லது எல்லாமே மோசமாகத் தெரியும். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். ஒரே காட்சியில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். லேசாகக் கலங்கியிருந்தாலும் உங்களை நிறுத்தி வைக்கும் படம் எதுவோ அதுவே இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மூலப்படம் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் முழுதாகப் போகும். மூலப்படங்கள் போனில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே கிளவுடிலோ ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ ஒன்று என மூன்று பிரதி இருக்க வேண்டும். வெள்ளம் வந்தால் ஆல்பமும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே பீரோவில்தான் நனையும்.

பிரிண்ட் போடவேண்டுமா?

கட்டாயம் போடுங்கள், எல்லாவற்றையும் அல்ல. 4×6 அங்குலத்தில் நல்ல பிரிண்டுக்கு 1200×1800 பிக்ஸல் போதும், எந்த மொபைல் படமும் அதைத் தாண்டும். ஒட்டும் பசையும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பசை மஞ்சளாகிப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் கிழியும். உறையில் செருகும் ஆல்பம் வாங்குங்கள். சமையலறைச் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர் இரண்டும் ஆல்ப அலமாரிக்கு ஆகாது, ஈரம் ஏறும்.

பிரிண்டின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயர், உறவு, இடம், வருஷம் எழுதுங்கள். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். "அத்தை" என்று மட்டும் எழுதாமல் யாருக்கு அத்தை என்றும் எழுதுங்கள். இதை எழுத உட்காரும்போது வீட்டில் வயதில் மூத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய படங்களில் பெயர் தெரியாமல் நிற்கிறவர்களில் சிலரை அவர் அடையாளம் சொல்வார்.